தாய் படித்த வீட்டில் பிள்ளை பிழைக்கும்

(மூணாறில் எஸ்டேட் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

லயங்களிலிருந்து, அந்த எஸ்டேட் வரிசை வீடுகளிலிருந்து வந்திருக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

பிள்ளையை எதற்குப் படிக்க வைக்கிறோம்? கொழுந்துக்கூடை சுமக்காமல் நல்ல வேலைக்குப் போகட்டும் என்றுதான். சரிதான். ஆனால் வேலை கிடைப்பதற்கு வெகு முன்னாலேயே படிப்பு உயிரைக் காக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் வாங்குகிறோம். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சின்னதற்கு 200 மில்லி. பெரிய பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு ஆபத்து. அளவு பொட்டலத்தின் மேலேயே இருக்கிறது. ஆனால் அதைப் படிக்க வேண்டுமே! எழுத்துக் கூட்டிப் படிப்பது மட்டுமல்ல. பள்ளிக்கூடம் போன பெண் டாக்டரிடம் இன்னொரு முறை கேட்பாள். ராத்திரி காய்ச்சல் ஏறினால் வீட்டில் யார் சம்மதத்துக்கும் காத்திராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். இந்தத் துணிச்சல்தான் பெரிய மருந்து என்று நான் நினைக்கிறேன்.

175 நாடுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. 1970இலிருந்து 2009க்குள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆண்டு மரணங்கள் 82 லட்சம் குறைந்தன. அதில் 42 லட்சம், அதாவது பாதிக்கு மேல், பெண்கள் கூடுதலாகப் படித்ததால் என்று கணக்கிட்டார்கள்.

கேரளமே இதற்குச் சாட்சி. 1817லேயே திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று அறிவித்தார். ஆனாலும் எல்லாருக்கும் கதவு திறக்கவில்லை. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று தலித் மக்களின் தலைவர் அய்யன்காளி தலைமையில் தலித் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலிக்காக மட்டுமல்ல, பள்ளிக்கூடத்துக்காகவும் நடந்த போராட்டம் அது! அப்படி வந்த படிப்பின் பலனைப் பாருங்கள். 2020 கணக்குப்படி ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது நாடு முழுவதும் 28, கேரளத்தில் 6.

அந்த ஆறு என்பது சராசரி. எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. இதே கேரளத்தில் அட்டப்பாடி ஆதிவாசி ஊர்களில் 2013இல் பச்சைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. நிலம் போய், சத்துணவு இல்லாமல், தாய்மார்களே மெலிந்துபோன இடம் அது. எனவே படிப்பு ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. கூலியும் சோறும் வேண்டும். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு இந்த மூணாறு ரோட்டில் உட்கார்ந்த பெண்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம், மொழி. தமிழில் படித்த தாய்க்கு மலையாளத்தில் மட்டும் எழுதிய மருந்துச்சீட்டும் ஆஸ்பத்திரிப் பலகையும் என்ன உதவி? தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர அரசமைப்பின் 350ஏ பிரிவு வழி செய்யச் சொல்கிறது. ஆஸ்பத்திரியிலும் தமிழில் எழுதி வையுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் மலையாளமும் நன்றாகக் கற்க வேண்டும். இரண்டும் தேவை.

ஆசிரியர்களே, இந்த வருடம் பத்தாவது முடிக்கும் பெண்பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். எந்த வீட்டில் படிப்பை நிறுத்தப் போகிறார்களோ, ஞாயிற்றுக்கிழமை அந்த லயத்துக்குப் போய்ப் பேசுவோம். நானும் வருகிறேன்.