பஞ்சுவும் அரை அதிரசமும்

நேயர்களுக்கு வணக்கம். போன வாரம் எங்கள் புளோக் மின்தூக்கியில் ஒரு சின்னப் பையன் ஏறினான். கையில் பை நிறைய கேரட். "ஆன்ட்டி, எங்க வீட்டுக்கு முயல் வந்திருக்கு. ஒரு நாளைக்கு மூணு கேரட் சாப்பிடுது!" என்றான். முகமெல்லாம் பெருமை. பதினோராவது மாடி வருவதற்குள் நான் என்னத்தைச் சொல்ல? சொல்லாமல் விட்ட மிச்சத்தைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப்போகிறேன்.

நம் சிங்கப்பூரில் வீவக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில், பூனைக்கே 2024 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. முயலுக்கு அந்தத் தடை இருந்ததில்லை. அதனாலேயே பலர் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். வாங்கி வந்த அன்றைக்கே முதல் கேள்வி, "இதுக்கு என்ன காய் கொடுக்கலாம்?"

காய் இரண்டாவது. முதலில் புல். காய்ந்த புல். கடையில் 'தீமத்தி ஹே' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஊரில் மாட்டுக்குப் போடும் வைக்கோலும் இதுவும் ஒன்றல்ல. வைக்கோல் என்பது நெல் அடித்தபின் மிஞ்சும் தாள், அதில் சத்து குறைவு. இது பச்சையாக அறுத்துக் காயவைத்த புல், கட்டைப் பிரித்தால் நல்ல வாசனை வரும். முயல் தின்பதில் ஐந்தில் நான்கு பங்கு இந்தப் புல்லாகவே இருக்க வேண்டும். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். நம் ஊர் ஈரக்காற்றில் இந்தப் புல் சீக்கிரம் பூசணம் பிடித்துவிடும். பிளாஸ்டிக் பையை இறுகக் கட்டி வைக்காதீர்கள். துணிப்பையில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வாசனை மாறினால் குப்பைத்தொட்டிதான்.

இப்போது காய்க்கு வருகிறேன். தேக்கா சந்தையில் காலையில் கடைக்காரர் முள்ளங்கியின் இலையைத் திருகிக் கீழே போடுவார் பாருங்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். சும்மாவே கொடுப்பார். என் முயல் பஞ்சுவுக்கு அந்த இலை என்றால் உயிர். கொத்தமல்லியை இலை, தண்டு எல்லாமாகக் கொடுக்கலாம். புதினாவும் நல்லது. சீனக் காய்கறிக் கடையில் சியாவ் பாய் சாய் என்ற சீனக் கீரை, கங்கோங் என்ற வள்ளைக்கீரை இரண்டும் வாங்கலாம். ஒரே கீரையைத் தினமும் போடாமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரு கிலோ எடையுள்ள முயலுக்கு நாளைக்கு ஒரு கப் போதும். கழுவியபின் நீர்த்துளியோடு வைத்தால், இந்த வெயிலுக்கு அதன் உடம்பில் தண்ணீரும் சேரும். புதுக்கீரை எதுவானாலும் முதல் நாள் ஓர் இணுக்குதான். மறுநாள் எச்சத்தை, அதாவது புழுக்கையை, பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

பசலையும் தண்டுக்கீரையும் எப்போதாவது கொஞ்சம். அவற்றில் ஆக்ஸலேட் என்ற உப்பு அதிகம். வெங்காயம், பூண்டு, லீக்ஸ், கூச்சாய் வேண்டவே வேண்டாம். கூச்சாய் என்பது வெங்காய இனத்துச் சீனக் கீரை, பார்ப்பதற்குப் புல் மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அவகாடோ விஷம். சாக்லெட்டும் அப்படியே. தக்காளியின் இலை, முளைவிட்ட உருளைக்கிழங்கு, ஆப்பிள் விதை எல்லாம் விலக்க வேண்டியவை. வரவேற்பறையில் மணி பிளாண்ட் வளர்க்கிறீர்களா? அதை முயலுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

சரி, அந்தப் பையனின் கேரட்? அதில் சர்க்கரை அதிகம். படப்புத்தகத்து முயல் தினமும் தின்னட்டும், நம் வீட்டு முயலுக்கு அது மிட்டாய். கட்டைவிரல் நகம் அளவு, வாரத்துக்கு இரண்டு தடவை. வாழைப்பழம், பப்பாளி, ஆப்பிளுக்கும் அதே அளவுதான்.

இவ்வளவு கறாராகப் பேசக் காரணம் ஓர் அதிரசம். ஒரு தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளி. என் அத்தை, அதாவது என் மாமியார், "வாயில்லா ஜீவன், பண்டிகை நாள்ல அதுக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா?" என்று பாதி அதிரசத்தைப் பஞ்சுவிடம் நீட்டிவிட்டார். அது அவசர அவசரமாகத் தின்றதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

மறுநாள் காலையில் கூண்டைக் கூட்டும்போது கவனித்தேன். வழக்கமாகக் கறுப்புக் கொண்டைக்கடலை அளவில் விழும் எச்சம் மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. மதியத்துக்குள் அதுவும் நின்றுவிட்டது. பஞ்சு ஒரு மூலையில் முதுகைக் கூனி, பல்லை நறநறவென்று கடித்தபடி உட்கார்ந்திருந்தது. முள்ளங்கி இலையை மூக்கருகில் வைத்தும் திரும்பவில்லை.

விலங்கு மருத்துவர் விளக்கினார். முயலின் குடலில் ஒரு பெரிய பை உண்டு. புல்லின் நாரை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் வேண்டாத கிருமிகள் பெருகி வாயு நிரம்பும், குடல் அசைவது நிற்கும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். மருந்தோடு, புல்மாவைக் கரைத்து ஊசியில்லா சிரிஞ்சில் மூன்று நாள் ஊட்டினோம். இரவு இரண்டு மணிக்கு அத்தைதான் அதை மடியில் பிடித்துக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள் காலையில் கூண்டில் ஏழு எச்சம். எண்ணிப் பார்த்துக் கைதட்டினோம். அந்த அரை அதிரசத்துக்கு ஆன செலவில் ஒரு பட்டுப்புடவையே எடுத்திருக்கலாம்.

முறுக்கு, ரொட்டி, பிஸ்கட், சோறு எல்லாம் அதிரசத்தின் சொந்தக்காரர்கள்தான். கடையில் வண்ணமாக விற்கும் தயிர்த்துளி மிட்டாயும், முயல் படம் போட்டிருந்தாலும், அதே குடும்பம்.

ஒன்றை மட்டும் உடனே செய்துவிடுங்கள். முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக்கூடாது. எல்லாக் கிளினிக்கிலும் முயலைப் பார்க்கமாட்டார்கள். எங்கே பார்ப்பார்கள், இரவில் திறந்திருக்குமா என்று இன்றைக்கே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில், அத்தையின் பிரஷர் மாத்திரை அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது அத்தைதான்.