எழுத்து முடித்துப் போவதே தகும்

நடுவர் அவர்களே, அவையிலே கூடியிருக்கும் பெரியோரே, வெளிநாட்டில் வாழ்பவரை மணக்க இருக்கும் நம் பிள்ளை, இங்கே இலங்கையில் எழுத்து, அதாவது சட்டப்படியான திருமணப் பதிவு, முடித்து வாழ்க்கைத்துணையாகக் குடியேறுவதா, மணமாகாமலே விசா எடுத்துச் சென்று அங்கே மணப்பதா என்பதே இன்றைய வழக்கு. எழுத்து முடித்தே போக வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

ஊரையும் ஆளையும் நேரிலே பார்த்துப் பழகிய பின்னர் முடிவெடுக்கும் சுதந்திரம் வேண்டும் என்றார் எதிரணித் தலைவர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் தவணை எவ்வளவு? அமெரிக்காவுக்கு, நிச்சயிக்கப்பட்டவருக்கான கே-1 விசாவில் சென்றவர் 90 நாட்களுக்குள் மணம் முடிக்க வேண்டும்; அதுவும் தமக்காக மனுச் செய்தவரையே மணக்க வேண்டும். மனம் ஒவ்வாமல் அங்கே வேறொருவரை மணந்தாலும், அந்த மணத்தைக் காட்டி அங்கிருந்தபடியே நிரந்தர வதிவிடம் பெற முடியாது. பிரித்தானியாவில் தவணை 6 மாதம். அந்தக் காலம் முழுவதும் வேலை செய்ய அனுமதியில்லை. மணம் முடிந்ததும் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். கையில் சொந்த உழைப்பு ஒரு சதமும் இல்லாமல், மாப்பிள்ளை வீட்டாரின் தயவில் இருந்துகொண்டு, "எனக்கு இது சரிவராது" என்று சொல்லும் துணிவு எத்தனை பிள்ளைகளுக்கு வரும்? அவுஸ்திரேலியாவின் 300ஆம் பிரிவு விசாவில் வேலை செய்யலாம் என்பதை நான் மறைக்கவில்லை. அந்த ஒரு நாட்டுக்காக நடுவர் அவர்கள் எதிரணிக்கு அரைப் புள்ளி வழங்கலாம்.

மணமானவராக அமெரிக்காவில் இறங்குபவரோ அன்றே நிரந்தர வதிவாளர். மணமாகி 2 ஆண்டு நிறையாதிருந்தால் அந்த வதிவிடம் நிபந்தனைக்குட்பட்டது என்பது உண்மை. ஆனாலும் வேலைக்குப் போகத் தடையில்லை. பிரித்தானியாவில் துணை விசாவில் இருக்கும் பெண், கணவனின் வன்முறையால் உறவு முறிந்தால், தன் பெயரிலேயே நிரந்தர வதிவிடம் கேட்கலாம். நிச்சயிக்கப்பட்டவளாகச் சென்றவளுக்கு அந்த வழி இல்லை. மகளைத் தனியே விமானம் ஏற்றும் பெற்றோர், மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னர் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

எழுத்து முடித்தவர் திரும்பிப் பாராமல் விட்டால் என்ன செய்வது என்று எதிரணியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நல்லூர்த் திருவிழாவோடு வந்து, மூன்று கிழமையில் எல்லாம் முடித்துவிட்டுப் பறந்தவர்களால் கண்ணீர் வடித்த குடும்பங்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். ஆயினும் சட்டப்படி மனைவியானவளுக்கு, இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், வாழ்க்கைச் செலவு கோரி நீதவான் நீதிமன்றத்தை நாடும் உரித்து உண்டு. கணவன் கடல் கடந்திருக்கையில் அந்தக் கட்டளையை நிறைவேற்றுவது கடினம்தான். நிச்சயதார்த்த மோதிரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வழக்கைத் தொடங்கவே முடியாது.

இனி, நம்மவரில் ஏராளமானோர் வாழும் கனடாவுக்கு வருகிறேன். 2002இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் குடிவரவுச் சட்டம், நிச்சயிக்கப்பட்டவர் என்ற வகுப்பையே நீக்கிவிட்டது. 2015 முதல், தொலைபேசியிலோ இணையத்திலோ பதிலாளை நிறுத்தியோ செய்த மணத்தையும் குடிவரவுக்குப் பொதுவாக ஏற்பதில்லை. இருவரும் நேரிலே நின்று மணந்திருக்க வேண்டும். ஸ்பொன்சரில் சென்றவர்களிற் பலர் துணையோடு 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தேயாக வேண்டும் என்று 2012இல் விதித்த நிபந்தனை, கொடுமைக்கு உள்ளானவர்களை அந்த வீட்டிலேயே கட்டிவைத்தது என்ற கண்டனத்தின் பின்னர் 2017இல் நீக்கப்பட்டது. ஆகவே இன்று மனைவியாகவோ கணவனாகவோ அங்கே இறங்குபவரின் நிரந்தர வதிவிடம் அந்த நிபந்தனை இல்லாதது. ஸ்காபரோவில் இருக்கும் மாப்பிள்ளைக்காக எதிரணியினர் எந்த வருங்காலத்துணை விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்பதை, அடுத்து வரும் பேச்சாளர் இந்த அவைக்குச் சொல்லட்டும்.