லாக் ஃபைலை அழித்தும் டிஸ்க்கில் இடம் வரவில்லையே, ஏன்?

அடுத்த கேள்வி லாக் பற்றி, அதாவது புரோகிராம்கள் தாங்கள் செய்வதைக் குறித்து வைக்கும் ஃபைல் பற்றி. "என் உபுண்டு சர்வரில் டிஸ்க் 40 ஜிபி. அது நிறைந்துவிட்டது என்று 18 ஜிபி இருந்த லாக் ஃபைலை அழித்தேன். அப்புறமும் டிஎஃப் கமாண்ட் 100 சதவீதம் என்றே காட்டுகிறது. டியூ போட்டால் 20 ஜிபிதான் வருகிறது. மீதி எங்கே?"

நல்ல கேள்வி. இரண்டு கமாண்டும் பொய் சொல்லவில்லை, எண்ணும் விதம்தான் வேறு. டியூ ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து, கண்ணில் படும் ஃபைல்களைக் கூட்டிச் சொல்கிறது. டிஎஃப் அப்படி அலைவதில்லை. எத்தனை பிளாக் (டிஸ்க்கின் சிறு துண்டு) காலி என்று, ஃபைல்களுக்கு இடம் ஒதுக்கும் ஃபைல் சிஸ்டத்திடமே கேட்டுவிடுகிறது. அதனால்தான் டிஎஃப் சட்டென்று பதில் தரும், டியூ யோசிக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். உபுண்டு போன்ற லினக்ஸில், அழிக்கும் கமாண்டான ஆர்எம் நீக்குவது ஃபைலின் பெயரைத்தான். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருந்தால், மூடும்வரை இடம் காலியாகாது. பெயர் இல்லாததால் டியூவுக்கு அது தெரியாது. பிளாக் காலியாகாததால் டிஎஃப் அதை விடாது. உங்கள் 18 ஜிபி அங்கேதான் மாட்டியிருக்க வேண்டும்.

நிர்வாகி அனுமதிக்கு சூடோ போட்டு, எல்எஸ்ஓஎஃப் என்று அடித்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, பிளஸ், பெரிய எல், ஒன்று கொடுங்கள். பெயர் போயும் திறந்தே இருக்கும் ஃபைல்கள் வரும், பக்கத்தில் டெலீட்டட் என்று இருக்கும். எந்த புரோகிராம் என்பது ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலேயே தெரியும். அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். சர்வரையே ரீபூட் செய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது மாதிரி.

ஒரு தடவை நானும் இது தெரியாமல், இடம் வரவில்லையே என்று அடுத்தடுத்து அழித்துக்கொண்டே போய், நல்ல பேக்கப் ஒன்றையும் சேர்த்து அழித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை ஆர்எம் செய்யாதீர்கள். அதற்குப் பதில் ட்ரங்கேட் கமாண்ட், ஹைஃபன் எஸ், சைபர், பிறகு ஃபைல் பெயர் என்று கொடுங்கள். ஃபைல் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

சரி, 20ம் 18ம் 38தானே, எப்படி 100 சதவீதம் என்று சிலர் கேட்பீர்கள். இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு, அதாவது நிர்வாகிக் கணக்குக்கு, ஒதுக்கி வைக்கும். 40 ஜிபியில் அது 2 ஜிபி. டிஎஃப் அதைக் காலி இடமாகக் காட்டாது.