புயல் வருதுன்னு சொல்லிரலாம், காத்து எந்தத் தோட்டத்தச் சாய்க்கும்னு சொல்ல முடியுமா?

வணக்கம் மக்களே. திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டுக்குக் கீழ ஒரு வாழைத் தோட்டத்துல நிக்கேன். புயல் மழை விட்டுட்டு, ஆனா வயல்ல இன்னும் கணுக்கால் அளவு சகதி கெடக்கு. ரெண்டு மரத்த மட்டும் கிட்டக் காட்டுதேன், நல்லாப் பாருங்க.

இது ஏத்தன், நேந்திரம் வாழைதான். தார் முக்கால்வாசி வெளஞ்சாச்சு. வேரோட சாஞ்சு, கிழங்கு பாதி வெளிய தெரியுது பாத்தீங்களா? நாலு எட்டு தள்ளி இன்னொண்ணு. இதுக்கு வேரு அசையவே இல்ல, தண்டு இடுப்பு ஒசரத்துல முறிஞ்சு தொங்குது. மொத மரத்துல மண்ணு விட்டுட்டு. ரெண்டாவதுல மண்ணு பிடிச்சுக்கிட்டு, தண்டுதான் தாங்கல. ஒரே வயல், ஒரே ராத்திரி. அந்தா, வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மரம்கூடச் சாயல.

"மழையச் சரியாத்தானே சொன்னாங்க, காத்த மட்டும் ஏன் சொல்ல முடியல?"ன்னு தோட்டத்து அண்ணாச்சி கேட்டாரு. நியாயமான கேள்வி. அதுக்குத்தான் இந்த வீடியோ.

வானிலை அறிக்கையில எப்படி வரும்? "மணிக்கு 55 முதல் 65 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 75 கிலோமீட்டர் வேகத்திலும்." நாம மொத நம்பரப் பிடிச்சுக்கிடுவோம். அது தரையில இருந்து 10 மீட்டர் ஒசரத்துல, மூணு நிமிஷம் அடிக்கிற காத்தோட சராசரி. மரத்த முறிக்கிறது அந்த "இடையிடையே"தான். சில நொடி அடிச்சிட்டுப் போயிரும்.

இன்னொண்ணு, காத்தோட வேகம் கூடுற மாதிரி அதோட அழுத்தம் கூடாது, வேகத்தோட வர்க்கத்துக்குக் கூடும். 60 கிலோமீட்டர் வேகத்துல அடிக்கிற காத்து 85 ஆச்சுன்னா, மரத்து மேல விழுற தள்ளு ரெண்டு மடங்கு. வானிலை கணக்குல 25 கிலோமீட்டர் பெரிய தப்பு இல்ல. தார் தள்ளுன வாழைக்கு அது வாழ்வா சாவான்னு இருக்கும்.

அந்தச் சில நொடிக் காத்து எங்க இருந்து வருது? மேல இருந்து வருது. தரையில மரம், வீடு, வரப்புன்னு உரசி உரசிக் காத்து வேகம் கொறஞ்சிரும். ஒரு கிலோமீட்டர் ஒசரத்துல உரச ஒண்ணும் இல்ல, அங்க வேகமாப் போகும். கனமழை மேகம் ஒண்ணு கொட்டும்போது, மேல இருக்குற அந்த வேகக் காத்தையும் சேத்துக் கீழ எறக்கிரும். எந்த மேகம், எந்த ஊருக்கு மேல, எத்தனை மணிக்கு எறக்கும்னு முந்தின நாளே உறுதியாச் சொல்ல ஒலகத்துல எந்த நாட்டாலயும் இன்னும் முடியல. வாய்ப்பு இருக்குன்னு சொல்லலாம், அவ்வளவுதான்.

போன்ல ஆப் பாக்கோம்லா, அதுக்குப் பின்னால இருக்குற ஐரோப்பிய மாடல், அதாவது வானிலையக் கணக்குப் போடுற கம்ப்யூட்டர் புரோகிராம், பூமியக் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் கட்டம் கட்டமாப் பிரிச்சு வச்சிருக்கு. அமெரிக்க மாடலுக்குச் சுமார் 13 கிலோமீட்டர். நம்ம நாட்டுல 2025ல வந்த பாரத் மாடலுக்கு 6. களக்காடு பஜாரும் மலையடித் தோட்டமும் ஒரே கட்டத்துக்குள்ள விழுந்தா ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான் காட்டும். அங்கயும் இங்கயும் ஒரே காத்தா அடிக்குது?

ரேடார் இருக்கேன்னு கேப்பீங்க. திருவனந்தபுரம் ரேடார் தூரத்துல கிட்டதான். ஆனா நடுவுல அகத்தியர் மலைத்தொடர் நிக்குது, உச்சி 1868 மீட்டர். காரைக்கால் ரேடார் இங்க இருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல. பூமி வளைவா இருக்குறதால, தூரம் போகப் போக ரேடார் விடுற கதிர் தரைய விட்டு மேல ஏறிரும். 150 கிலோமீட்டர் தாண்டும்போதே ரெண்டரை கிலோமீட்டர் ஒசரத்துல போகும். அங்க என்ன அடிக்குதுன்னு தெரியும், வாழைத் தலையில என்ன அடிக்குதுன்னு தெரியாது. புயல் நேரத்துல கப்பல் எல்லாம் விலகிப் போயிரும், அதனால கடல்ல இருந்து வர்ற தகவலும் கொறஞ்சிரும்.

இதுல குமரிக் கடல் புயலுக்குன்னு ஒரு கொணம் உண்டு. ஆளு பெரும்பாலும் சின்னதா இருக்கும். சின்னப் புயல் சட்டுனு வலுக்கும், சட்டுனு ஒடுங்கும். 2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்க தாழ்வு மண்டலமா இருந்தது, மறுநாளே கன்னியாகுமரிக்குப் பக்கத்துல ஓகிப் புயல் ஆயிட்டு. தங்கலுக்கு, அதாவது பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்க, போன வள்ளம் எல்லாம் அதுக்கு முன்னாலயே ஆழ்கடல்ல. கேரளாவுலயும் குமரியிலயும் நூத்துக்கணக்கான பேர் திரும்பி வரல. அத நெனைச்சா இன்னைக்கும் மனசு ஆறல.

மூணு வருஷம் கழிச்சு, 2020 டிசம்பர்ல புரெவி. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவுல கரை கடக்கும்னு சொன்னாங்க, தென்மாவட்டத்துக்கு லீவும் விட்டாங்க. அது இலங்கையத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்கு வந்து, வலு கொறஞ்சு, ராமநாதபுரம் பக்கமே நின்னுட்டு. மழை கடலூர், சிதம்பரம் பக்கம் கொட்டுச்சு. "சும்மா பயமுறுத்துதாங்க"ன்னு அன்னைக்குப் பேசுனவங்க நெறைய. ஆனா ஓகி சட்டுனு வலுத்ததும் புரெவி சட்டுனு ஒடுங்குனதும் ஒரே சிக்கலோட ரெண்டு பக்கம். எச்சரிக்கை குடுத்தது தப்பே இல்ல. அடுத்த தடவையும் குடுக்கணும், நாமளும் கேக்கணும்.

காத்தப் பத்தி நமக்குத் தெரியாததான்னு நம்ம ஆளுங்க நெனைக்காங்க. பணகுடி, ராதாபுரம் பூரா கரண்டு எடுக்குற காத்தாடிதானே. ஆனா அது ஆடிக் காத்து. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா மேக்க இருந்து சீரா வரும், மண்ணு காஞ்சு கெட்டியா இருக்கும். கார்த்திகைப் புயல் நம்மளுக்குத் தெக்க போனா, காத்து வடகெழக்குல இருந்தும் கெழக்குல இருந்தும் அடிக்கும், மண்ணு சேறா இருக்கும். இந்தா பாருங்க, மேகாத்துக்குன்னு, அதான் மேக்க இருந்து வர்ற ஆடிக் காத்துக்குன்னு, குடுத்த சவுக்குக் கம்பு முட்டு. மரத்துக்குக் கெழக்க நிக்குது. கெழக்குக் காத்து அடிச்சா மரம் மேக்க சாயும், அங்க தாங்க ஒண்ணுமே இல்ல. சாஞ்சு கெடக்குறது அத்தனையும் மேக்க பாத்துத்தான் கெடக்கு.

அதனால என் கருத்து, அறிக்கையில வேகத்தோட நிக்காம, எந்தத் திசைக் காத்து, எத்தனை மணிக்கு மேல திரும்பும்னும் ஊர்க்காரனுக்குப் புரியுற மாதிரி சொல்லணும். எத்தனை வேகத்துல மோதும்னு சொல்றத விட, புயலோட பாதை தெரிஞ்சா திசையச் சொல்றது லேசு. முட்டு எந்தப் பக்கம் குடுக்கணும்னு அதை வச்சு முடிவு பண்ணலாம்.

நாமளே பாத்துக்கிட ஒரு வழி இருக்கு. பைஸ் பாலட்னு டச்சு விஞ்ஞானி 1857ல சொன்னது. காத்துக்கு முதுகக் காட்டி நின்னா, தாழ்வு மையம், அதாவது புயலோட நடு, உங்க இடது கைப் பக்கம், கொஞ்சம் முன்னால இருக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா வெளிய வந்து நின்னு பாருங்க. புயல் எந்தப் பக்கமா நகருதுன்னு ஓரளவுக்குப் பிடிபடும். மின்கம்பி, மரம் பக்கத்துல மட்டும் நிக்காதீங்க.

உங்க ஊர்ல மரம் விழுந்திருந்தா, எந்தத் திசை பாத்து விழுந்துச்சு, வேரோடயா முறிஞ்சா, ராத்திரி எத்தனை மணி, இந்த மூணையும் ஊர்ப் பேரோட கீழ எழுதுங்க. உவரி, கூட்டப்புளி ஆளுங்க கடல்ல காத்து எப்பத் திரும்புச்சுன்னும் எழுதுங்க. எல்லாத்தையும் ஒரே வரைபடத்துல குறிச்சு அடுத்த வீடியோவுல காட்டுதேன்.