கீமோ எடுப்பவர் வாயைத் திறந்து பேச வேண்டும்

மலேசியாவின் கெடா மாநிலம் லூனாஸில், ஒரு கோயில் மண்டபத்தில் கீமோ, அதாவது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துச் சிகிச்சை, பற்றி மருந்தாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மண்டபத்து வேலியோரம் நித்தியகல்யாணி பூத்திருக்கிறது. உங்களில் பாதிப் பேர் வீட்டு வாசலிலும் இருக்கும். பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின் அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். அதற்காக நாளைக்கே இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள். ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இலையை அப்படியே குடித்தால் நஞ்சு.

1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தச் செடி சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் இறங்கின. ரத்தப் புற்றுநோயில் மிதமிஞ்சிப் பெருகுவது அவைதானே. அந்த வழியில் முதலில் வின்பிளாஸ்டின் கிடைத்தது, அப்புறம் வின்கிறிஸ்டின். இரண்டுக்கும் இம்மியளவுதான் வித்தியாசம். ஆனால் முதலாவது எலும்பு மஜ்ஜையை வாட்டும். இரண்டாவது நரம்பைப் பிடிக்கும். விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான்கூடப் போட வராது. மருந்து செய்கிறவர்கள் அணு அணுவாக மாற்றிப் பார்ப்பது இதற்காகத்தான்.

கீமோ ஏன் இப்படிப் படுத்துகிறது? தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். லாலாங் புல்லுக்கு அடித்த மருந்து பக்கத்துக் கன்றிலும் பட்டுவிடும், அல்லவா? வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் கீமோ தாக்கும். முடி, வாய், குடல், மஜ்ஜை எல்லாமே அந்த ரகம்.

இதைக் குறைக்கப் பல வழி கண்டிருக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வந்த புதிதில் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கூடவே உப்புநீர் நிறைய ஏற்றினால் கேடு குறையும் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு சிறுநீரகத்தை அவ்வளவாகத் தொடாத கார்போபிளாட்டின் வந்தது. சிவப்பாக இருக்குமே, டாக்ஸோரூபிசின், அது இதயத்தைத் தாக்கும். அதனால் ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் இவ்வளவுதான் என்று கணக்கு வைத்துக் கொடுக்கிறார்கள். 1995இல் அதையே நுண்ணிய கொழுப்பு உறைக்குள் வைத்துக் கொடுக்க அமெரிக்கா அனுமதித்தது. இதயத்துக்கு ஆபத்து குறைந்தது, ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிவது அதிகமானது. பாதி நேரம் இப்படித்தான், ஒரு தொல்லை போய் இன்னொன்று வரும். என்னைக் கேட்டால், 1991இல் அமெரிக்கா அனுமதித்த ஒண்டான்செட்ரான்தான் பெரிய வரம். புற்றுநோயை அது தொடவே தொடாது, வாந்தியைத்தான் நிறுத்தும். அதற்கு முன்பு வாந்திக்குப் பயந்தே கீமோவைப் பாதியில் விட்டவர்கள் உண்டு.

பாதியில் விட்டால் என்ன ஆகும்? இத்தாலியில், மிலான் நகரத்தில், பொனடோனா என்ற மருத்துவர் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த பெண்களை 20 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார். திட்டமிட்ட மருந்தில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் பெற்றவர்களுக்கு நல்ல பலன். 65 விழுக்காடுகூடப் பெறாதவர்கள் நிலை, அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டவர்களைப் போலத்தான் இருந்தது. பக்கவிளைவைச் சமாளிப்பதும் நோயைச் சமாளிப்பதும் ஒரே வேலைதான்.

இங்கேதான் நம் ஆட்களோடு எனக்குச் சண்டை. டாக்டர் கேட்டால் “நல்லா இருக்கேன் டாக்டர்” என்பார்கள். வெளியே மருந்துக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலி அக்காவிடம், வாயெல்லாம் புண், மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை என்பார்கள். இதை உள்ளே சொன்னால் என்ன? டாக்டருக்கு எதற்குத் தொந்தரவு என்ற மரியாதை! நியூயார்க்கில் முற்றிய புற்றுநோய் உள்ள 766 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் தங்கள் உபாதைகளைக் கணினி வழியாக அவ்வப்போது சொல்லிவந்தார்கள், மோசமானால் தாதியருக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் வெளியான கணக்குப்படி, சொன்னவர்கள் வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. ஒரு புது மருந்து ஐந்து மாதம் கூட்டித் தந்தால் எத்தனை ஆயிரம் வெள்ளி விலை வைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட அவசரமானது காய்ச்சல். பெரும்பாலான கீமோவில், ஊசி போட்டு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள், கிருமியோடு போராடும் வெள்ளை அணு ரொம்பக் கீழே இறங்கும். அப்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். நம் வீட்டில் நடப்பது என்ன? ராத்திரி பத்து மணிக்கு உடம்பு சுடுகிறது. மகன் இரவு ஷிப்டில் இருக்கிறான், பினாங்கு மருத்துவமனை தூரம். இரண்டு பனடோல் போட்டுப் படுத்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பனடோல் சூட்டை இறக்கிவிடும், உள்ளே கிருமி பாட்டுக்குப் பெருகும். அதனால் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 38 டிகிரி செல்சியஸ் காட்டினால் மாத்திரை போட்டு மறைக்காமல், பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அதன் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாகக் “கீமோ எடுக்கிறேன்” என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

முள்சீத்தா இலைத் தண்ணீர் குடிக்கலாமா என்று முன்வரிசையில் ஓர் அம்மா பேச்சு தொடங்குவதற்கு முன்பே கேட்டார். கீமோ நடக்கும்போது வேண்டாம் அம்மா. அது எந்த மருந்தைக் கூட்டும், எதைக் குறைக்கும் என்று மனிதர்களிடம் சரியாகப் பார்த்தது இல்லை. கடையில் வாங்கும் மூட்டுவலி மாத்திரையையும் கேட்காமல் போடாதீர்கள். சிலவகை வலி மாத்திரைகள், மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து உடம்பை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும். கொஞ்சமாகக் கொடுத்தது நிறையக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அடுத்த தடவை போகும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை, லேகியம், இலைப்பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருந்தாளர் மேசையில் கொட்டுங்கள். திட்டுவார்களோ என்று ஒன்றையும் ஒளிக்காதீர்கள். இப்போது கேள்விகளுக்கு வருவோம். ஐயா, மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.