விரலில் அடிக்காமல் விரலில் அடிக்கக் கற்பது

நண்பர்களே, வணக்கம். மேசையில் இரண்டு பிரம்பு கிடப்பதைப் பார்த்ததும் முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் நைசாகப் பின்னால் போய்விட்டார்கள். பள்ளிக்கூட ஞாபகம் போலிருக்கிறது. பயப்பட வேண்டாம், இன்று பேச்சு மட்டும்தான். கடைசியில் ஒரே ஒரு நிமிடம் யாரையாவது மேலே கூப்பிடுவேன், அவ்வளவுதான்.

இந்தப் பிரம்பு 28 அங்குலம், சுமார் 71 சென்டிமீட்டர். மூங்கில் மாதிரி உள்ளே குழல் கிடையாது, கெட்டி. எவ்வளவு அடித்தாலும் சிம்பு சிம்பாகத் தெறிக்காது. நார் நாராகப் பிரிந்து, துடைப்பம் மாதிரி ஆகி, அப்புறம்தான் சாகும். வேகமாக மோதினால் லேசாகத் தீய்ந்த வாசனை வரும். பிலிப்பைன்ஸ் தற்காப்புக் கலை பழகியவர்களுக்கு அந்த வாசனை வந்தால்தான் அன்றைக்குப் பயிற்சி நடந்தது என்று கணக்கு.

முதலில் பெயரைத் தீர்த்துவிடுவோம். ஒரு கலைக்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. எஸ்க்ரிமா என்பது வாள்வீச்சுக்கான ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. ஆர்னிஸ், போர்க்கவசத்துக்கான ஸ்பானியச் சொல்லிலிருந்து. மூன்றாவது 'காலி'. இதைத் தமிழில் 'லி' போட்டு எழுதினால் ஒன்றுமில்லை என்றாகிறது, 'ளி' போட்டால் அம்மன் வந்துவிடுகிறாள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. செபு, நெக்ரோஸ் தீவுகளின் பெரியவர்கள் எஸ்க்ரிமா, ஆர்னிஸ் என்றுதான் சொல்வார்கள். 'காலி' என்ற பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்த ஆசிரியர்கள். சிலம்பத்திலிருந்து வந்ததா என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: அப்படிக் காட்டும் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. கம்பு இருக்கிற ஊரில் எல்லாம் கம்புச் சண்டையும் இருக்கும்.

இந்தக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 1521 ஏப்ரல் 27-இல் தொடங்குவார்கள். நானும் தப்ப முடியாது. பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில், அந்தத் தீவுத் தலைவர் லாபுலாபுவின் ஆட்கள் ஸ்பெயினுக்காக வந்த கடலோடி மெகல்லனைக் கொன்ற நாள். லாபுலாபு பெரிய எஸ்க்ரிமா வீரர் என்று மேடையில் முழங்குவார்கள். மெகல்லனின் கூடவே இருந்து பார்த்து எழுதிய பிகபெட்டா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுதியதில் அதிகம் இருப்பது மூங்கில் ஈட்டியும் அம்பும், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களும்தான். ஆனால் இரண்டு விவரங்களை நான் மறக்க முடியாமல் வைத்திருக்கிறேன். ஒன்று, மெகல்லன் ஆட்களின் உடம்புக்குக் கவசம் இருந்தது, காலுக்கு இல்லை. அதைக் கவனித்துவிட்டு தீவுக்காரர்கள் காலைக் குறி வைத்தார்கள். இரண்டாவது, மெகல்லன் வாளை உருவப் பார்த்தார், பாதிதான் வந்தது. ஏனென்றால் கையில் ஏற்கெனவே ஈட்டிக் குத்து விழுந்திருந்தது.

வாள் இடுப்பில் இருக்கிறது, கை வேலை செய்யவில்லை. எஸ்க்ரிமாவுக்கும் மக்தானுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதோ இல்லையோ, எஸ்க்ரிமாவின் மூல யோசனை இதுதான். எதிரியின் தலை தூரத்தில் இருக்கிறது. அவன் ஆயுதம் பிடித்த கை உங்களிடம் தானாக வருகிறது. முதலில் அந்தக் கையை அடி. 'பாம்பின் பல்லைப் பிடுங்குவது' என்று இதற்குப் பெயர். பல் போன பிறகு பாம்பை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

சரி, சொல்வதற்கு எளிது. இதை எப்படிப் பழகுவது? எதிரில் நிற்பவர் எதிரி இல்லை, உங்கள் நண்பர். நாளைக்கு அந்தக் கையால் வண்டி ஓட்ட வேண்டும், சோறு சாப்பிட வேண்டும். நான் பழக ஆரம்பித்த மூன்றாவது வாரம் கட்டைவிரலில் ஓர் அடி வாங்கினேன். நகம் கறுத்து, இரண்டு மாதம் சட்டைப் பொத்தான் போட ஆள் தேட வேண்டியிருந்தது. அடித்தவர் இன்றும் நல்ல நண்பர்தான். ஆனால் அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேருமே சில மாதம் பொய்யாக அடித்துக்கொண்டிருந்தோம். விரலுக்கு ஒரு சாண் தள்ளி அடிப்பேன், அவர் அந்த அடியைத் தடுப்பார். வராத அடியைத் தடுக்கும் கலையில் இருவரும் நன்றாகத் தேறினோம்.

என்னைக் கேட்டால், கடந்த நூறு ஆண்டு எஸ்க்ரிமா வரலாறு முழுக்க இந்த ஒரு சிக்கலைச் சுற்றிய சண்டைதான். நண்பனை உடைக்காமல் உடைக்கக் கற்பது எப்படி? எந்தப் பயிற்சி முறையை எடுத்தாலும் அதற்குள் ஒரு பொய் இருக்கும். எந்தப் பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதில்தான் ஆசான்கள் பிரிந்தார்கள்.

பொய்யே வேண்டாம் என்று சொன்ன காலமும் உண்டு. ஹுவேகோ தோடோ என்பார்கள், எல்லாம் அனுமதிக்கப்பட்ட ஆட்டம். கவசம் கிடையாது. கை உடைந்தாலும் உயிர் போனாலும் வழக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு இறங்குவார்கள். சேவற்சண்டை நடக்கும் திருவிழா நாளில் மனிதர்களும் மோதினார்கள். இதன் கோளாறு என்னவென்றால், கற்றுக்கொண்டவனுக்கு மறுபடி கற்க உடம்பு மிச்சமிருக்க வேண்டும்.

செபுவில் 1932-இல் தோசே பாரேஸ் என்ற சங்கம் தொடங்கியது. கன்யெட்டே குடும்பமும் சாவேத்ரா குடும்பமும் அதன் தூண்கள். பெயர் ஐரோப்பியப் பேரரசர் சார்லமேனின் பன்னிரண்டு வீரர்களை நினைத்து வைத்தது. அதற்குள் இருந்தவர்களில் ஒருவர் வெனான்சியோ பாக்கோன், அஞ்சியோங் என்று கூப்பிடுவார்கள். ஒல்லியான ஆள். 1952-இல் அவர் பிரிந்துபோய்த் தனியாகத் தொடங்கினார். இடம்? மாணவர் ஒருவரின் கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால் இருந்த முற்றம். கடை இருந்த சந்தின் பெயர் பலிந்தவாக். கலைக்கும் அந்தச் சந்தின் பெயரே வந்துவிட்டது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். மலைக்குகை இல்லை, கனவில் வந்த முனிவர் இல்லை, கடிகாரக் கடையின் கொல்லைப்புறம்.

பலிந்தவாக்கில் ஒரே பிரம்பு, மிக நெருங்கிய தூரம். பயிற்சி முறைக்குப் பலாக்காவ் என்று பெயர். லாக்காவ் என்றால் செபுவானோ மொழியில் நடப்பது. ஆசிரியர் மாணவனை நடத்திக்கொண்டு போகிறார். அடியின் வரிசை முன்கூட்டித் தெரியாது. பன்னிரண்டு அடிகளில் எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரும். உண்மையான வேகத்தில் வந்து, மாணவன் தடுக்கத் தவறினால் கன்னத்துக்கு அரை அங்குலம் முன்னால் நிற்கும். இங்கே பொய் எங்கே இருக்கிறது பாருங்கள்: அடி உண்மை, கடைசி அரை அங்குலம் மட்டும் பொய். அதைக் காப்பாற்றுவது ஆசிரியரின் மணிக்கட்டு. அதனால்தான் இந்த முறையில் நல்ல ஆசிரியர் அமையாவிட்டால் ஒன்றும் நடக்காது. இருநூறு பேரை வரிசையில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்க வழியே கிடையாது.

இருநூறு பேருக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்தவர் ரெமி பிரேசாஸ், நெக்ரோஸ் தீவுக்காரர். பழைய முறையில் கையிலேயே அடித்துப் பழக்கியதால் இளைஞர்கள் வருவதும் ஓடுவதுமாக இருந்தார்கள். அவர் ஒரு மாற்றம் செய்தார்: கையை அடிக்காதே, பிரம்பைப் பிரம்பால் அடி. மாடர்ன் ஆர்னிஸ் என்று பெயர் வைத்து உடற்பயிற்சி வகுப்புகளுக்குள் கொண்டுபோனார். கராத்தே பழகுபவரிடம் போய் உன் கலையை விடு என்று அவர் சொல்லவில்லை. உன் கலைக்குள்ளேயே இது இருக்கிறது, காட்டுகிறேன் என்றார். கலை பரவியது. ஆனால் பிரம்பை அடித்தே பழகிய கண் பிரம்பைத்தான் தேடும். பழைய ஆட்கள் அதைக் கிண்டல் செய்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. நான் பிரேசாஸ் பக்கம்தான். கறுத்த நகத்தோடு இருந்த மாதங்களில் எனக்கு அந்த முறைதான் சோறு போட்டது.

அடுத்தது கவசம். 1989-இல் செபுவில் உலகப் போட்டி நடந்தபோது மெத்தை வைத்த அங்கியும் முகத்துக்குக் கம்பிக் கூண்டும் வந்துவிட்டன. முழு வேகம், முழு பலம். பொய் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். களத்தில் என்ன நடந்தது? அடி வலிக்கவில்லை, அதனால் யாரும் தடுக்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று போர்வையில் தூசி தட்டுகிற மாதிரி விளாசிக்கொண்டார்கள். வலியை எடுத்ததும் பயமும் போய்விட்டது. பயம் போனதும் தற்காப்பும் சேர்ந்து போனது.

இப்போது உடல் வளைவைப் பற்றி. தற்காப்புக் கலை என்றதும் காலைத் தலைக்கு மேல் தூக்குவதைத்தான் கேட்கிறார்கள். எஸ்க்ரிமாவில் அதற்குப் பெரிய வேலை இல்லை. உதை பெரும்பாலும் முழங்காலுக்கு மேல் போகாது. இங்கே இளக வேண்டியவை மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு. அபானிகோ என்று ஓர் அடி இருக்கிறது, விசிறி என்று பொருள். மணிக்கட்டு மட்டும் திரும்பும், பிரம்பு தலையின் இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டும். தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, அதன் ஓரங்களில் கால் வைத்துப் பழகுவார்கள். நேராகப் பின்வாங்காமல் சாய்வாக விலகத்தான் இது. இப்படி இருப்பதால் வயது அவ்வளவு தடையாவதில்லை. தோசே பாரேஸின் காகோய் கன்யெட்டே 2016-இல் 96 வயதில் இறந்தார். தொண்ணூறுக்கு மேலும் பிரம்பைக் கையிலிருந்து விடாதவர். ஜூடோவை எஸ்க்ரிமாவோடு கலந்து எஸ்க்ரிதோ என்று ஒன்றை உருவாக்கியவரும் அவரே.

இன்னொரு தலைகீழ் விஷயம். மற்ற பல கலைகளில் வெறுங்கை முதலில், ஆயுதம் பல வருடம் கழித்து. இங்கே முதல் நாளே கையில் பிரம்பு. சினவாலி என்ற பயிற்சியில் இருவரும் ஆளுக்கு இரண்டு பிரம்போடு எதிரெதிரே அடிப்பார்கள், பார்க்கக் கோலாட்டம் மாதிரியே இருக்கும். சவாலி என்பது அவர்கள் ஊர் மூங்கில் தட்டி. அதன் பின்னல்தான் இந்தப் பெயர். பழகிய பிறகு பிரம்பைக் கீழே வைத்துவிட்டு அதே அசைவைச் செய்யச் சொல்வார்கள். தடுப்பும் குத்தும் அதற்குள் இருக்கும். கத்தி கொடுத்தாலும் அதே கோணம், சுருட்டிய செய்தித்தாள் கொடுத்தாலும் அதே கோணம். கரும்பு வெட்டும் போலோ கத்தியின் வீச்சைக் குத்துச்சண்டைக்குள் கொண்டுபோனவர் என்று செபெரினோ கார்சியாவைச் சொல்வார்கள். 1939-இல் நியூயார்க்கில் மிடில்வெயிட் பட்டம் வென்றார். கீழிருந்து வளைந்து வரும் அந்தக் குத்துக்கு இன்றும் போலோ பஞ்ச் என்றுதான் பெயர்.

கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயல்வேலைக்குப் போன பிலிப்பைன்ஸ்காரர்கள் இதைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 1966-இல் ஏஞ்சல் கபாலேஸ் என்ற எஸ்க்ரிமா ஆசான் வெளியாருக்கும் கதவைத் திறந்தார். அதே ஊரில் பிறந்த டான் இனோசான்டோ, புரூஸ் லீயின் நண்பர், இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். சொந்த நாட்டில் சட்டம் வந்தது அதற்கு எவ்வளவோ பிறகு, 2009 டிசம்பரில். ஆர்னிஸை தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தார்கள். பிலிப்பைன்ஸில் நடந்த 2019 தென்கிழக்காசிய விளையாட்டில் ஆர்னிஸுக்கு 20 தங்கம் வைத்து நடத்தினார்கள், 14-ஐ அவர்களே எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரன் பந்தி வைத்தால் அப்படித்தான்.

சரி, பேச்சு போதும். இரண்டு பிரம்பு இருக்கிறது, ஒரு ஆள் வேண்டும். பின்வரிசைக்குப் போன அந்த இரண்டு பேரில் ஒருவர் வந்தால் சந்தோஷம். மோதிரத்தைக் கழற்றிப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.