ஒப்புக்கொண்டார் என்பது எப்போது சான்றாகும்?

வணக்கம் நேயர்களே.

கொலை நடந்து இரண்டு நாள் போகுமுன்னே "சந்தேகநபர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று செய்தி வந்துவிடும். தேத்தண்ணிக் கடையில் வழக்கு அத்தோடு முடிந்துபோகும். சில வருடம் கழித்து திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் வழக்கு விளக்கம் (விசாரணை) நடக்கும்போது அந்த ஒப்புதலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், விடுதலையானால், "ஒத்துக்கொண்டவனை எப்படி விட்டார்கள்?" என்று ஊர் கேட்கும். கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதில் இலங்கையின் 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது.

பிரிவு 25 ஒரே வரியில் விஷயத்தை முடிக்கிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை, சொன்னவருக்கு எதிராக எண்பிக்க (நிரூபிக்க) முடியாது. அடித்தார்களா, மிரட்டினார்களா என்ற கேள்வியே இங்கே எழாது. ஒருவர் இரத்தம் தோய்ந்த கத்தியோடு தானாகவே மூதூர் பொலிஸ் நிலையத்துக்கு நடந்து போய், "நான்தான் வெட்டினேன்" என்று முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதக் கொடுத்தார் என்று வையுங்கள். கத்தியோடு வந்ததை, உடுப்பில் இரத்தம் இருந்ததை, கையில் வெட்டுக்காயம் இருந்ததைப் பொலிஸ்காரர் சாட்சிக் கூண்டில் சொல்லலாம். "நான்தான் வெட்டினேன்" என்ற சொற்களைச் சொல்லக்கூடாது. எதிரி பிறகு சத்தியம் செய்து வேறு கதை சொன்னாலும், முரண்பாடு காட்டுகிறோம் என்று சொல்லி அந்த ஒப்புதலைப் பின்கதவால் உள்ளே கொண்டுவரவும் முடியாது.

பிரிவு 26 இன்னும் அகலமானது. பொலிஸ் காவலில் இருக்கும்போது யாரிடம் ஒப்புக்கொண்டாலும் செல்லாது. கூட்டுக்குள் இருப்பவரைப் பார்க்க வந்த அண்ணனிடம் சொன்னதும் இதற்குள் அடங்கும். நீதவானின் நேரடி முன்னிலையில் சொன்னது மட்டும்தான் விதிவிலக்கு.

நீதவான் பதிவு செய்வதற்கும் முறை உண்டு. 1979இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் பிரிவு 127 அதைச் சொல்கிறது. முதலில் நீதவான் கேள்வி கேட்டு, சொந்த விருப்பத்தில்தான் சொல்கிறார் என்று நம்பக் காரணம் காணவேண்டும். பிறகு பதிவு. பிறகு வாசித்துக் காட்டிச் சரியென்று ஒப்புக்கொள்ளவைத்து, அடியில் அதற்கான குறிப்பை எழுதவேண்டும். பிழைப்பது பெரும்பாலும் அந்த முதல் படியில்தான். "உமது விருப்பத்தில் சொல்கிறீரா?" "ஓம்." அவ்வளவுதான் என்றால் அது வெறும் சடங்கு. எத்தனை நாளாகக் காவலில் இருக்கிறார், கூட்டிவந்த உத்தியோகத்தர் காது கேட்கும் தூரத்தில் நிற்கிறாரா, உடம்பில் காயம் உண்டா, முடிந்ததும் அதே பொலிஸாரிடம்தான் திரும்பப் போகப்போகிறாரா, இவையெல்லாம் கேட்கப்படவேண்டும். கேட்டதும் பதிலும் வழக்கேட்டில் இருக்கவேண்டும். மேன்முறையீட்டில் நீதியரசர்கள் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

கொலை வழக்குகளில் உண்மையான சண்டை சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பிரிவு 27இல்தான் நடக்கிறது. காவலில் உள்ளவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் எண்பிக்கலாம். "அவனை வெட்டின கத்தி வளவுக்குப் பின்னால் பனை வடலிக்குள் கிடக்குது, வந்தால் காட்டுவன்" என்று ஒருவர் சொன்னால், நீதிமன்றத்தில் வாசிக்கக்கூடியது "கத்தி வளவுக்குப் பின்னால் பனை வடலிக்குள் கிடக்குது, வந்தால் காட்டுவன்" என்பது மட்டுமே. "அவனை வெட்டின" வெளியே போய்விடும். அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில், 1946இல் ஓர் இந்திய வழக்கில் போட்ட கோடு இது.

மீதியாக நிற்பது என்ன? கத்தி அங்கே கிடந்தது எதிரிக்குத் தெரியும் என்பது. அவரே எறிந்திருக்கலாம். எறிந்தவரைப் பார்த்திருக்கலாம். யாராவது சொல்லிக் கேள்விப்பட்டும் இருக்கலாம். அறிவு வேறு, செயல் வேறு. கத்தி எடுபட்டது, ஆகவே கொலைகாரன் என்று தாவும் தீர்ப்புகள்தான் மேன்முறையீட்டில் விழுகின்றன. அந்தக் கத்தியில் மனித இரத்தம் உண்டா என்று இரசாயனப் பகுப்பாய்வாளர் சொல்லவேண்டும், காயத்தோடு ஆயுதம் பொருந்துகிறதா என்று சட்ட வைத்திய அதிகாரி சொல்லவேண்டும். கறள் பிடித்த வெறுங்கத்தி எதையும் சொல்லாது.

குறுக்கு விசாரணையில் கேட்கவேண்டியவை வேறும் உண்டு. பொலிஸாருக்கு அந்த இடம் முன்பே தெரிந்திருந்தால் அது கண்டுபிடிப்பே அல்ல. தகவல் பதிந்த நேரம் பொருளை எடுத்த நேரத்துக்குப் பிந்தியிருந்தால் சந்தேகம் தானாக எழும். இரண்டு எதிரிகள் ஒரே கத்தியைத் தனித்தனியே "காட்டினார்கள்" என்றால், முதலாமவர் காட்டியபிறகு இரண்டாமவர் காட்ட என்ன மிச்சம்? கூட்டெதிரியின், அதாவது அதே வழக்கில் சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்டவரின், விஷயத்தில் இன்னொன்று. இந்தியச் சட்டத்தில் ஒருவரின் ஒப்புதலை மற்றவருக்கு எதிராகவும் கருத்தில் எடுக்கலாம். நமது பிரிவு 30 எடுக்கக்கூடாது என்கிறது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் சட்டம் படிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இந்தக் கதவுகளில் பலதை 1979இன் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச்சட்டம் திறந்துவிட்டது. அதன் கீழான குற்றங்களுக்கு, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லும். மேலே சொன்ன 25, 26, 30 ஆகிய பிரிவுகள் பொருந்தா. வற்புறுத்திப் பெற்றது என்று காட்டும் சுமையும் எதிரியின் தலையில். பூட்டிய அறைக்குள் நடந்ததை, உள்ளே தனியாக இருந்தவர் எந்தச் சாட்சியைக் கொண்டு காட்டுவார்? இந்தச் சுமை நியாயமான விசாரணைக்கு முரணானது என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு ஒரு தமிழ்க் கைதியின் முறைப்பாட்டில் சொன்னது. அவர் தரப்பு அதைக் கொண்டு நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது 2006இல் மனு தள்ளுபடியானது.

இவ்வகை வழக்குகளில் உண்மை விளம்பல் விசாரணை என்று தனியாக ஒன்று நடக்கும். அதில் தீர்வது ஒன்றே ஒன்று, விருப்பத்தோடு சொன்னதா என்பது. சொன்னது உண்மையா என்பது பிரதான வழக்கில் மீண்டும் பார்க்கப்படவேண்டும். முதலாவதில் தோற்றதும் வழக்கே தோற்றதாக நினைத்துச் சட்டத்தரணி சோர்ந்துவிடக்கூடாது. நேரம், இடம், காயத்தின் தன்மை, சிங்களத்தில் எழுதியதைத் தமிழில் விளங்கப்படுத்தியவர் யார், அவர் விசாரணைக் குழுவையே சேர்ந்தவரா, ஒவ்வொன்றையும் மற்றச் சான்றோடு உரசிப் பார்க்க இடமிருக்கிறது.

மேன்முறையீட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. செல்லாத ஒப்புதல் உள்ளே வந்துவிட்டது என்றால் தண்டனை தானாக உடையும் என்று நினைக்கிறார்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பிரிவு 167 அப்படி விடாது. அந்தத் துண்டை எடுத்துவிட்டால் மீதிச் சான்று தீர்ப்பைத் தாங்குமா என்று கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பார்க்கும். நேரில் கண்ட நம்பகமான சாட்சி இருந்தால் தாங்கும். சந்தர்ப்பச் சான்று மட்டும் இருந்து, அதன் கண்ணிகளை அந்த ஒப்புதலே கட்டியிருந்தால் தாங்காது. ஆகவே மேன்முறையீட்டு மனுவில் "ஒப்புதல் செல்லாது" என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. தீர்ப்பின் எந்தப் பக்கத்தில், எந்த முடிவுக்கு நீதிபதி அதில் சாய்ந்தார் என்று காட்டவேண்டும்.

குடும்பத்தவருக்கு: கைதான 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்பது பொது விதி. காயம் இருந்தால் அங்கேயே சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கேளுங்கள். சித்திரவதை நடந்திருந்தால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம், உயர் நீதிமன்ற அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாதத்தில் சேராது. சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மேல் நீதிமன்றம் தண்டனை விதித்தால் மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். வெளியில் ஆள் இல்லாவிட்டாலும், அந்த 14 நாளுக்குள் சிறைச்சாலை அதிகாரியிடமே மேன்முறையீடு செய்வதாகக் கைதி தெரிவிக்கலாம்.

நன்றி, வணக்கம்.